ஆறு கைக் காளியும் எட்டுக் கைப் பெருமாளும்

பொம்மையை ஓர் எள்ளளவு நகர்த்து, ஒரு படம் எடு. இன்னும் ஓர் எள்ளளவு நகர்த்து, இன்னொரு படம் எடு. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை எழுந்து நடக்கும், உறுமும், கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு மலையேறும். இந்த வித்தைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததாகச் சினிமாப் புத்தகங்களில் போட்டிருக்கிறது. ஓரிக்கையில் பிறந்த எவனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். எங்கள் ஊரில் இது பல்லவர் காலத்திலேயே நடந்துவிட்டது. கேமரா மட்டும்தான் இல்லை.

காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் பெருமாள் பாம்பணையில் படுத்திருந்தார். இது முதல் ஃபிரேம். பக்கத்தில் திருமழிசை ஆழ்வார் தங்கியிருந்தார். அவருக்குக் கணிகண்ணன் என்றொரு சீடன். ஆழ்வார் இருந்த இடத்தைத் தினமும் பெருக்கி மெழுகி வந்த ஒரு கிழவிமேல் அவருக்கு இரக்கம் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். கிழவி மோட்சம் கேட்கவில்லை. இளமையைக் கேட்டாள். விவரமான கிழவி. அப்படியே ஆகட்டும் என்றார் ஆழ்வார். கிழவி குமரியானாள், பல்லவ ராஜா பார்த்தான், மயங்கினான், ராணியாக்கிக்கொண்டான்.

இடைவேளை வரைக்கும் சுபம். அதற்கப்புறம்தான் ராஜா கண்ணாடி பார்த்தான். ராணிக்கு வயது ஏறவேயில்லை. இவனுக்கு மட்டும் தலை நரைத்து, பல் ஆடி, முட்டி வலித்தது. கணிகண்ணனைக் கூப்பிட்டனுப்பினான். "உன் குருவிடம் சொல்லி எனக்கும் அதே மருந்தை வாங்கிக் கொடு." முடியாது என்றான் கணிகண்ணன். "போகட்டும், என்னைப் புகழ்ந்து ஒரு பாட்டாவது பாடு." பெருமாளைத் தவிர யாரையும் பாடுவதில்லை என்றான். ராஜாக்களுக்குக் கோபம் வந்தால் ஒரே தண்டனைதான் தெரியும்: ஊரை விட்டுப் போ.

சீடன் கிளம்பினான். சீடன் போனபின் சோறு யார் வடிப்பது என்றோ என்னவோ, குருவும் கிளம்பினார். கிளம்புகிறவர் சும்மா போகாமல் கோயிலுக்குள் நுழைந்து பெருமாளைப் பார்த்து, பையன் போகிறான், நான் போகிறேன், உனக்கு மட்டும் இங்கே என்ன படுக்கை, எழுந்து பாம்பைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாள் எழுந்தார். ஆதிசேஷனைச் சுருட்டுவது கோரைப்பாயைச் சுருட்டுகிற காரியமில்லை. ஒரு தலையை மடித்தால் இன்னொரு தலை எட்டிப் பார்க்கும். எப்படியோ சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். இரண்டாவது ஃபிரேம். மூன்று பேரும் நடந்து நடந்து, ராத்திரி தங்கிய இடம் ஓரிக்கை. மூன்றாவது ஃபிரேம்.

ஓர் இரவு இருந்ததால் ஊருக்கு இந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு எப்போதும் இருந்த சந்தேகம் வேறு. திருவெஃகாவிலிருந்து ஓரிக்கை ஒன்றும் தூரமில்லை. சைக்கிளில் போனால் வேர்ப்பதற்குள் வந்துவிடும். கோபித்துக்கொண்டு தேசத்தை விட்டுப் போகிற கடவுள் இவ்வளவு கிட்டத்திலா ராத்தங்குவார்? ஸ்டாப் மோஷனைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. எள்ளளவு எள்ளளவாக நகர்ந்தால் ஒரு நாளில் அவ்வளவுதான் போக முடியும்.

மறுநாள் ராஜா அலறிக்கொண்டு வந்து காலில் விழுந்தான். பெருமாள் போன பின்னால் காஞ்சிபுரம் இருண்டுபோயிற்றாம். மன்னித்தார்கள், திரும்பினார்கள், பழையபடி படுத்துக்கொள் என்று ஆழ்வார் சொல்ல, பெருமாள் படுத்தார். ஆனால் மற்றக் கோயில்களில் படுப்பதற்கு நேர் எதிர்த்திசையில் படுத்துவிட்டார். சினிமா பாஷையில் இதற்குக் கன்டின்யூட்டி மிஸ்டேக் என்று பெயர். பொம்மையை வைத்து வேலை செய்கிற எவனுக்கும் இந்தப் பயம்தான் ராத்தூக்கத்தைக் கெடுக்கும்: மேஜையிலிருந்து எடுத்த பொம்மையைத் திரும்ப வைக்கும்போது முன்னே இருந்த மாதிரியே வைத்தோமா? மற்ற ஊர்களில் தப்பை வெட்டி எறிந்திருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கோபுரம் கட்டி, சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயரும் வைத்தார்கள். எழு என்றால் எழுந்து, படு என்றால் படுத்து, டைரக்டர் சொன்னபடி நடித்த நட்சத்திரம் தமிழ்நாட்டில் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

பெருமாள் முதலில் அங்கே எதற்காகப் படுத்தார் என்பது இன்னும் பெரிய படம். பிரம்மாவுக்கும் சரஸ்வதிக்கும் சண்டை. மனைவியை விட்டுவிட்டுப் பிரம்மா காஞ்சியில் யாகம் செய்ய உட்கார்ந்துவிட்டார். எந்த மனைவி பொறுப்பாள்? யாகத்தைக் கலைக்க ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினாள். முதலில் உலகத்தையே மூடும் இருட்டை அனுப்பினாள். பெருமாள் விளக்காக வந்தார், விளக்கொளிப் பெருமாள் கோயில் கிடைத்தது. அப்புறம் கோரமான படையை அனுப்பினாள். பெருமாள் எட்டுக் கையோடு வந்தார், அட்டபுயக்கரம் கிடைத்தது. கடைசியில் பொறுமை போய், தானே வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள். பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்தார், திருவெஃகா கிடைத்தது. பிரம்மா நடுவில் ஒரு வார்த்தை, "தப்புதான், வா" என்று சொல்லியிருந்தால் காஞ்சிபுரத்தில் இத்தனை கோயில் இருந்திருக்காது. ரீலுக்கு ஒரு பூதம், பூதத்துக்கு ஒரு சண்டை: ஹாலிவுட்டின் சிந்துபாத் படங்களுடைய கதையமைப்பு அப்படியே இதுதான். அவர்களுக்குப் படம் முடிந்ததும் பொம்மை பெட்டிக்குள் போகும். நமக்குச் சண்டைக்கு ஒரு கோயிலும் வருஷத்துக்கு ஒரு திருவிழாவும் மிஞ்சின.

அந்த எட்டுக் கைகளில்தான் நாங்கள் ஹாலிவுட்டை ஜெயித்தோம். 1955இல் ‘இட் கேம் ஃப்ரம் பினீத் த சீ’ என்று ஒரு படம் வந்தது. கடலுக்கடியிலிருந்து ராட்சத ஆக்டோபஸ் கிளம்பி சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பிடித்து முறிக்கும். ஆக்டோபஸுக்கு எட்டுக் கை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் படத்து ஆக்டோபஸுக்கு ஆறுதான். ஒவ்வொரு கையையும் ஃபிரேம் ஃபிரேமாக வளைக்கவேண்டும். தயாரிப்பாளரிடம் அதற்குப் பணமில்லை. எனவே இரண்டு கையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீருக்குள் இருப்பதாகப் பாவனை காட்டிச் சமாளித்தார்கள். எங்கள் அட்டபுயப் பெருமாளுக்கு ஸ்தபதி ஒரு விரலைக்கூடக் குறைக்கவில்லை.

ஆறு கையோடு அந்த ஆக்டோபஸை ஆட்டிவைத்த ஆள் ரே ஹாரிஹவுசன். 1920இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ‘கிங் காங்’ பார்த்தார். அத்தோடு பையன் கெட்டான். அந்த 1933ஆம் வருஷத்துக் கிங் காங், திரையில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் நின்று விமானத்தைப் பிடிக்கிறதே, அது நிஜத்தில் இரண்டடிக்கு மேற்படாத பொம்மை. மேலே முயல்தோல். வில்லிஸ் ஓ’ப்ரையனும் கூட்டாளிகளும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதைத் தொட்டுத் தொட்டு நகர்த்தியதில் விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்து, ஓட்டிப் பார்த்தால் உடம்பெல்லாம் முடி அலையடித்தது. கோளாறுதான். ஆனால் குரங்குக்குக் கோபத்தில் மயிர் சிலிர்க்கிறது, எப்பேர்ப்பட்ட நுணுக்கம் என்று மெச்சியவர்களும் உண்டு. இதுதான் எனக்குப் பிடித்த இடம். பூதத்தின் உடம்பெங்கும் அதைப் படைத்தவனின் கைரேகை தெரிகிறது.

ஹாரிஹவுசன் வீட்டில் அப்பா பொம்மைக்கு உள்ளே வைக்கும் இரும்பு மூட்டுகளைக் கடைந்து கொடுத்தார். அம்மா உடுப்புத் தைத்துக் கொடுத்தாள். கரடி செய்ய அம்மாவின் பழைய ரோமக் கோட்டையே பையன் வெட்டியிருக்கிறான். இதைப் படித்தபோது இவர்கள் எங்கள் ஜாதி என்று நினைத்தேன். நெசவுக்காரர் வீட்டில் இப்படித்தான், ஒருத்தர் தொழிலுக்கு மொத்தக் குடும்பமும் உட்காரும். அப்பா தறியில், ஆயா ராட்டையில் தார் சுற்றும், நான் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிவேன். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, இரண்டு பேர் வேண்டும். கரையில் யாளியோ இருதலைப் பட்சியோ வரவேண்டுமென்றால் மேலே ஜக்கார்டில் துளைபோட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். ஒரு மிதி, ஓர் அட்டை, ஓர் இழை. காலையிலிருந்து மிதித்தால் மத்தியானம் யாளிக்கு முழங்கால் தெரியும். சாயங்காலத்துக்குத் தும்பிக்கை. ஒரு சேலை இறங்கப் பதினைந்து இருபது நாள். பொம்மையை எள்ளளவு நகர்த்திப் படம் எடுக்கிறார்கள் என்று நான் பின்னாளில் விளக்கப் போனபோது, அப்பா பாதியிலேயே கையமர்த்திவிட்டார். "இழைக்கு ஒரு படம். அவ்ளோதானே? இதுல இன்னா அதிசயம்? அறுந்தா எப்படி முடி போடுவான், அதைச் சொல்லு."

முடி போட முடியாது என்பதுதான் பதில். ‘ஜேசன் அண்ட் த ஆர்கனாட்ஸ்’ 1963இல் வந்த படம். கடைசியில் ஏழு எலும்புக்கூடுகள் மண்ணிலிருந்து முளைத்து, மூன்று மனிதர்களோடு வாள் சண்டை போடும். ஏழு எலும்புக்கூட்டின் ஒவ்வொரு கை, கால், தலை, வாள், கேடயம் எல்லாவற்றையும், முன்பே எடுத்துவைத்த ஆட்களின் அசைவுக்குப் பொருத்தமாக, ஃபிரேம் தவறாமல் நகர்த்தவேண்டும். ஹாரிஹவுசன் தனியாளாக உட்கார்ந்து செய்தார். சில நாள் 13 ஃபிரேமுக்கு மேல் ஓடவில்லை. திரையில் அது அரை விநாடி சொச்சம். சில நிமிஷச் சண்டைக்கு நாலரை மாதம். நடுவில் தொலைபேசி அடித்து, எடுத்துப் பேசிவிட்டு வந்தால் எந்த எலும்புக்கூட்டின் எந்தக் கை மேலே போய்க்கொண்டிருந்தது என்பது மறந்துபோகும். அதே படத்தில் ஏழு தலைப் பாம்பு வேறு. எந்தத் தலை முன்னே வந்துகொண்டிருந்தது, எது பின்னே போனது என்று நினைவு வைத்துக்கொள்வதே பெரும்பாடு என்றிருக்கிறார். ஆதிசேஷனைச் சுருட்டிய எங்கள் பெருமாளைக் கேட்டிருந்தால் யோசனை சொல்லியிருப்பார்.

நாலரை மாதமே பெரிசு என்று அவர்கள் மூச்சுவாங்குகிறார்கள். காஞ்சிபுரத்தின் வேகம் வேறு. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் அத்தி வரதர் இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுப்பார்கள். 1939இல் ஒரு ஃபிரேம். 1979இல் ஒரு ஃபிரேம். 2019இல் ஒரு ஃபிரேம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் வேண்டும்; இந்தக் கணக்கில் ஒரு விநாடி ஓட 960 வருஷம். எங்களுக்கு அவசரமில்லை. 2019இல் மட்டும் ஜூலை 1 தொடங்கி 31 நாள் படுத்த கோலம், பிறகு ஆகஸ்ட் 17 வரைக்கும் 17 நாள் நின்ற கோலம்; காஞ்சி வழக்கப்படி பார்த்தால் இது தலைதெறிக்கிற ஆக்‌ஷன் காட்சி. பார்க்க நாடே திரண்டு வந்தது. ஓரிக்கையில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டார்கள். பெருமாள் ஒரு ராத்திரி தங்கிய ஊரில் ஜனங்கள் பேருந்துக்காகப் பல ராத்திரி தங்கினார்கள்.

சரி, காளி விஷயத்துக்கு வருகிறேன்.

‘த கோல்டன் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்’ ஹாரிஹவுசனின் பொம்மைகளோடு 1973இல் வெளிவந்து மறுவருஷம் உலகமெல்லாம் ஓடிய படம். காஞ்சிபுரம் டவுனுக்கு அது எத்தனையோ கை மாறி, மழைக்கோடு விழுந்த பிரதியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு வந்து சேர்ந்தது. சுவரொட்டியில் ஆறு கையிலும் வாளோடு காளி. இங்கிலீஷ் படம் என்பதைக் கவனிக்க ஓரிக்கைப் பெண்களுக்கு நேரமில்லை. அம்மன் படம் என்று கிளம்பிவிட்டார்கள். ஆயா குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தது. செருப்பைக் கொட்டகை வாசலிலேயே விட்டது. நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

படத்தில் அம்மன் வர ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவரை வெள்ளைக்காரப் பெண்கள் குறைந்த உடையில் வந்து போனார்கள். ஆயா கண்ணை மூடி ஜபம் செய்தது. நடுவில் கப்பலின் முன்பக்கத்து மரப்பொம்மை பிய்த்துக்கொண்டு இறங்கி நடந்தது. அது ஆயாவுக்குப் பிடித்தது. தேர்ச்சிற்பம் இறங்கி வந்தால் இப்படித்தான் நடக்கும், முட்டி மடங்காது என்றது. மந்திரவாதி கூரா என்று ஒருவன். ஒவ்வொரு தடவை மந்திரம் போடும்போதும் அவனுக்கு வயது கூடிக்கொண்டே போகும்; பொம்மைக்கு உயிர் கொடுத்துக் கொடுத்துக் கிழவனாகிறான். ஓரிக்கையில் தங்கிய ஆழ்வாரைப் பற்றி இந்தப் பயல் கேள்விப்படவில்லை.

அப்புறம் கப்பல் ஒரு தீவுக்குப் போனது. தீவின் பெயர் லெமூரியா. கொட்டகையில் முன்வரிசையில் இருந்த தமிழ் வாத்தியார் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். லெமூர் என்னும் குரங்கினம் மடகாஸ்கரிலும் அதன் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க ஸ்கிலேட்டர் என்ற விலங்கியல்காரர் 1864இல் யோசித்துவைத்த கண்டம் அது. குரங்குக்காகப் போட்ட கண்டத்தில் நம் ஆட்கள் குடியேறி, குமரிக்கண்டம் என்று பட்டா மாற்றி, முதல் இரண்டு சங்கங்களையும் அங்கே நடத்திவிட்டார்கள். ஹாலிவுட்டே லெமூரியாவை ஒப்புக்கொண்டது என்று வாத்தியார் பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார். அடுத்த காட்சியில் லெமூரியா மக்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் பச்சைச் சாயம், கையில் ஈட்டி, வாயில் கூச்சல். ஆதித் தமிழனுக்கு வசனமே எழுதவில்லை. வாத்தியார் உட்கார்ந்தார். இடைவேளைக்குப் பிறகு அவர் இடம் காலி.

குகைக்குள் காளி சிலை. கூரா மந்திரம் போட்டதும் சிலை ஒரு கையை அசைத்தது. அந்த அசைவை எப்படிச் சொல்வது? இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிற உருவம் வழுக்கிக்கொண்டு நகரும். இது அப்படியில்லை. ஒரு சின்னத் தயக்கம், ஒரு சின்ன உதறல், அதற்குப் பிறகு அசைவு. சாமி வருவதற்கு முன்னால் பூசாரியின் தோளில் ஒரு வெட்டு வெட்டும் பாருங்கள், அதே வெட்டு. காஞ்சிபுரத்தில் பிறந்த எவருக்கும் அதைப் பார்த்ததும் முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடும். கொட்டகையில் ஒரு பெண் குலவையே போட்டாள். யாரோ சூடம் தேடினார்கள்.

காளி ஆடினாள். பரதநாட்டியமா, கதகளியா, இரண்டும் கலந்த ஏதோ ஒன்றா என்று பின்வரிசையில் சர்ச்சை. ஆட்டம் முடிந்ததும் வாள் சண்டை. ஒரு பக்கம் சிந்துபாத்தும் ஆட்களும். மறுபக்கம் ஆறு கையிலும் ஆறு வாளோடு காளி. இதுவரை எந்தப் படத்துக்கும் வராத சங்கடம் கொட்டகைக்கு வந்தது. கதாநாயகன் சாகக் கூடாது. அம்மன் தோற்கக் கூடாது. விசிலடிக்கும் ஆட்கள் யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் விரலை வாயில் வைத்தபடி இருந்தார்கள். கடைசியில் காளி மேடையிலிருந்து கீழே விழுந்து, சுக்கல் சுக்கலாக உடைந்து, உள்ளேயிருந்து சிந்துபாத் தேடிவந்த தங்கத் தகட்டின் துண்டு ஒன்று கிடைத்தது.

கொட்டகை அப்படியே உறைந்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் கத்தினார். ஆயா மட்டும் பதறவில்லை. தொழில் தெரிந்தவர்கள் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னது: "உள்ள கூடு இருந்திருக்குது பாரு. கண்ணு தொறக்காத சிலைடா அது. கும்பாபிஷேகம் பண்ணாம ஆடவுட்டா இப்படித்தான் ஆவும்." வீட்டுக்கு வந்து தலைமுழுகியது. ஆனால் அந்த வாரம் முழுக்க ராட்டையில் உட்கார்ந்தபடி, "அந்தப் பாவி எப்படிடா ஆட்டினான், ஆறு கையும் ஆறு வழிக்குப் போச்சே" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வரதராஜர் கோயில் மண்டபத்துத் தூணில் யாளிகளையும் குதிரை வீரர்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளாகிய எங்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. நாம் பார்க்காத நேரத்தில் கல் அசையும் என்பது காஞ்சிபுரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைக்காரன் பார்த்த நேரத்தில் படம் பிடித்துவிட்டான், அவ்வளவே.

நம்மவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். செய்யாமல் இல்லை. இந்திய சினிமாவின் முதல் பூதமே ஒரு பட்டாணிச் செடிதான். தாதாசாகேப் பால்கே 1912இல் தொட்டியில் பட்டாணியை நட்டு, கேமராவை எதிரே நிறுத்தி, நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்து, அது தானாக முளைத்து வளர்வதைக் காட்டினார். பணம் போடுகிறவரை மயக்கத்தான் அந்த வேலை. மயங்கினார், ‘ராஜா ஹரிச்சந்திரா’ பிறந்தது. 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகக் குதித்துப் போகின்றன; அதே படத்துக்காக 50 அடிக்கு 60 அடியில் துவாரகையைப் பொம்மையாகக் கட்டினார்கள், 300 குட்டி வீடுகளோடு. மார்கஸ் பார்ட்லியின் கேமரா அதை ஊராக்கிவிட்டது. இன்றைக்கும் அந்த லட்டைப் பார்த்தால் எனக்குப் பசிக்கிறது. கம்ப்யூட்டரில் செய்த எந்தப் பலகாரமும் இதுவரை என் பசியைக் கிளப்பியதில்லை.

ஆனால் நமக்குப் பொறுமையைவிட யோசனை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்து ‘காடு’ எடுத்தார்கள். இங்கிலீஷில் ‘த ஜங்கிள்’. கதைப்படி காட்டுக்குள் சடைமுடி மம்மூத் யானைகள் உயிரோடு இருக்கின்றன. பொம்மை செய்து மாதக்கணக்கில் நகர்த்துவார்களா? டி.ஆர். சுந்தரம் கணக்குப் பார்க்கத் தெரிந்த முதலாளி. நம் ஊர் யானைக்குக் கம்பளி மாட்டினால் மம்மூத், வேலை முடிந்தது. இந்திய வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்ட யானை கோபமாக நடித்ததாகச் சொல்ல முடியாது. நிஜமாகவே கோபத்தில் இருந்திருக்கும்.

அதற்கு முந்திய வருஷம் ‘மர்மயோகி’. பேய் வருகிறது என்பதற்காக ஏ சர்டிஃபிகேட் வாங்கிய முதல் தமிழ்ப்படம். கடைசியில் அந்தப் பேய், பேயே இல்லை. சாகாமல் தப்பித்த ராஜா. சென்சார்காரர்கள் படத்தைக் கடைசிவரை பார்க்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் நம்மை மட்டும் சொல்லக்கூடாது. ஹாரிஹவுசனின் 1958ஆம் வருஷப் படமான ‘த செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்’ பிரிட்டனுக்குப் போனபோது, பிள்ளைகள் பயப்படும் என்று எலும்புக்கூட்டுச் சண்டையை வெட்டிவிட்டார்கள். இந்தியாவை இருநூறு வருஷம் ஆண்டவர்களின் பிள்ளைகள் ஓர் எலும்புக்கூட்டுக்குப் பயந்தார்கள்.

எலும்புக்கூடு என்றால் மாயாஜாலப் பட டைரக்டர் விட்டலாச்சார்யா வராமல் தீராது. அவரும் 1920இல் பிறந்தவர். ஊர் உடுப்பிப் பக்கம். அதே வருஷத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒருவர், நமக்கு ஒருவர் என்று பிரம்மா பங்கிட்டிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர் நாலரை மாதத்தில் ஏழு எலும்புக்கூட்டை ஆடவைத்தார். நம்மவர் அந்த நேரத்துக்குள் முழுப் படத்தை முடித்து, அடுத்த படத்துக்குப் பூஜையும் போட்டிருப்பார். கறுப்புத் துணி, வெள்ளை எலும்பு, கொஞ்சம் கயிறு, கொஞ்சம் புகை. 1978இல் வந்த ‘ஜகன்மோகினி’ தமிழ் பேசிக்கொண்டு ஓடியபோது, பேய் தன் காலையே அடுப்பில் விறகாக நீட்டிச் சமைத்த காட்சி தாய்மார்களிடம் வெகுவாக எடுபட்டது. கேஸ் சிலிண்டர் எல்லா வீட்டுக்கும் வராத காலம், பொறாமையாகக்கூட இருந்திருக்கும். கதாநாயகன் கால்ஷீட்டில் தகராறு செய்தால் விட்டலாச்சார்யா கதையில் ஒரு முனிவரைக் கொண்டுவந்து, சாபம் கொடுத்து, ஆளைக் கிளியாக்கி, கிளியை வைத்தே மிச்சப் படத்தை எடுத்துவிடுவார் என்று கோடம்பாக்கத்தில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, கிளி சம்பளம் கேட்காது.

இரண்டு பேரும் இப்போது இல்லை. விட்டலாச்சார்யா 1999இல் போனார், ஹாரிஹவுசன் 2013இல். 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்கள் கம்ப்யூட்டரிலிருந்து நடந்துவந்தபோதே பொம்மைக்காரர்களின் கடை சாத்தியாயிற்று. இன்றைய பூதங்கள் ரொம்ப நன்றாக இருக்கின்றன. செதில் ஒவ்வொன்றும் தெரிகிறது, எச்சில் ஒழுகுகிறது. என் பேரன் அதை போனில் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுகிறான். எப்படி ஆட்டினான் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் ஒரே ஒரு பூதக்கதை இன்னும் பழைய முறையில்தான் ஓடுகிறது. ‘செவன்த் வாயேஜ்’ படத்தில் மந்திரவாதி இளவரசியைக் கையடக்கப் பொம்மையாகச் சுருக்கிவிடுவான். சிந்துபாத் அவளை மீட்கக் கடல் தாண்டிப் போவான். 1960இல் தினத்தந்தியில் ‘கன்னித்தீவு’ படக்கதை தொடங்கியது. அதிலும் சிந்துபாத். அதிலும் மந்திரவாதி, பெயர் மூசா. அதிலும் சுருங்கிப்போன இளவரசி, லைலா. எங்கேயிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஹாலிவுட் சிந்துபாத் 88 நிமிஷத்தில் இளவரசியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டான். நம்ம ஆள் அவசரப்படவில்லை. தினம் இரண்டு மூன்று கட்டம். தமிழ்நாட்டில் எத்தனையோ ஆட்சி மாறியது, லைலாவின் விவகாரம் முடியவில்லை. முடியாத கோர்ட் கேஸையும் முடியாத மேம்பாலத்தையும் கன்னித்தீவு என்று சொல்லும்படி ஆயிற்று.

ஓரிக்கையில் எங்கள் தெருமுனைச் சலூனில் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அந்தப் பக்கம்தான் கழன்று போகும். கண்ணாடி மறந்துவந்த தாத்தா ஒருவருக்கு முடி வெட்டிக்கொள்ள வந்த பையன் படித்துச் சொல்வான்.

"இன்னைக்கு இன்னாடா ஆச்சு?"

"பூதம் கையைத் தூக்கிச்சு தாத்தா."

"நேத்தே தூக்கிச்சேடா."

"நேத்து சோத்தாங்கை. இது பீச்சாங்கை."